வாசகர் காத்திருந்து படிக்கும் மின்மடல் எழுதுவது எப்படி

மின்மடல் (மின்னஞ்சலில் வாசகர்களுக்குத் தவறாமல் அனுப்பும் நியூஸ்லெட்டர்) தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்தச் சேவையில் கணக்குத் தொடங்கலாம், எந்த வடிவமைப்பு அழகாக இருக்கும் என்று தேடுவதில் ஆரம்பிக்கிறார்கள். அதை ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம். நாலாவது மடலையும் வாசகர் திறப்பாரா என்பது வேறு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. படிக்கும்போது ‘இது எனக்கு எழுதியது’ என்று அவருக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால், உடனே பதில் எழுத அவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

விளக்கம் கையில் பிடிபட வேண்டும் என்பதற்காக, வாரம் ஒருமுறை போகும் மாடித்தோட்ட மடல் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். சமையல், இசை, ஊர் வரலாறு, சேமிப்பு என எதைப் பற்றி எழுதினாலும் முறை பெரிதாக மாறாது.

யாருக்கு, எந்தக் கிழமை, என்ன

முதல் மடலுக்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதில் மூன்றும் இருக்க வேண்டும்: யாருக்கு, எப்போது, என்ன தருவீர்கள். “வெயில் அதிகமுள்ள ஊரில் பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருப்பவருக்கு, சனிக்கிழமைதோறும், அந்த வாரம் செடியில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்.” இந்த வாக்கியத்தைப் படித்ததும் ஒரு மனிதர் கண்ணுக்குத் தெரிகிறார். “தோட்டக்கலை ஆர்வலர்களுக்கான பயனுள்ள தகவல்கள்” என்றால் யாரும் தெரிவதில்லை. யாரும் தெரியாமல் எழுதிய மடல் யாருக்கும் எழுதாததுபோலவே இருக்கும்.

வாக்கியம் சரியா என்று பார்க்க, இருபது நிமிடம் உட்கார்ந்து பன்னிரண்டு மடல்களுக்கான பொருளை எழுதிப் பாருங்கள். ஆறோடு நின்றுவிட்டால் வட்டம் மிகச் சிறியது. பன்னிரண்டும் வந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தால் வட்டம் மிகப் பெரியது.

வாரம் ஒருமுறை, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அனுப்புவது நல்லது. மாதம் ஒன்று என்றால் எழுத வசதிதான். ஆனால் சந்தா சேர்ந்ததையே வாசகர் மறந்துவிடுவார். மறந்துபோனவருக்கு உங்கள் மடல் அழையா விருந்தாளி. பலர் விலகும் லிங்க்கைத் தேடாமல் ‘ஸ்பேம்’ பொத்தானைத் தட்டிவிடுவார்கள்; அதன் விளைவு மற்ற வாசகர்களுக்குப் போகும் மடல்களையும் பாதிக்கும். எந்த இடைவெளியைத் தேர்ந்தாலும், காலத்தோடு ஒட்டாத மூன்று மடல்களைக் கையிருப்பில் எழுதி வைத்த பிறகு தொடங்குங்கள். காய்ச்சல் வந்த வாரத்திலும் வீட்டு விசேஷம் வந்த வாரத்திலும் கைகொடுப்பவை அவைதான்.

மடலின் உள்ளே

ஒரு மடலுக்கு 600 முதல் 800 தமிழ்ச் சொற்கள் போதும். இது பேருந்தில் நின்றுகொண்டே படித்து முடிக்கக்கூடிய அளவு. இதற்குள் நான்கு பகுதிகள் வரலாம்: 50, 60 சொல்லில் தொடக்கம், 450 முதல் 600 சொல்லில் ஒரே ஒரு முக்கியப் பொருள், 80, 100 சொல்லில் மகிழ்ச்சிக்காக ஒரு சின்னப் பகுதி, கடைசியில் ஒரு கேள்வி.

அதிகம் கெட்டுப்போகும் இடம் தொடக்கம். இப்படித் தொடங்கும் மடல்களை எல்லோரும் பார்த்திருப்போம்:

“அன்பார்ந்த வாசகர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த வாரம் பல்வேறு பணிகள் காரணமாக மடல் அனுப்ப இயலவில்லை. அதற்கு வருந்துகிறோம். இந்த வாரம் மாடித்தோட்டத்தில் பூச்சி மேலாண்மையின் முக்கியத்துவம் குறித்துக் காண்போம்.”

நான்கு வாக்கியம் போய்விட்டது, வாசகர் கையில் இன்னும் ஒன்றும் இல்லை. அதே மடல் இப்படித் தொடங்கலாம்:

“வணக்கம். உங்கள் கத்தரிச் செடியில் நுனித்தளிர் மட்டும் வாடித் தலை தொங்கியிருக்கிறதா? தண்ணீர் ஊற்ற ஓட வேண்டாம். வாடிய தண்டை ஒரு விரல் நீளத்துக்குக் கிள்ளி, நகத்தால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே வெளிர் இளஞ்சிவப்பில் ஒரு புழு இருக்கக்கூடும். பிறகு காய்க்குள் போவதும் இதே புழுதான்.”

இரண்டாவதில் வாசகர் மூன்றாவது வாக்கியத்திலேயே மாடிக்குப் போய்விட்டார். ‘பூச்சி மேலாண்மை’ என்ற சொல் எங்கும் வரவில்லை, ஆனால் பொருள் அதுதான். ‘முக்கியத்துவம்’ என்று எழுதத் தோன்றும் ஒவ்வொரு இடத்திலும் அதை அடித்துவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை அங்கே வையுங்கள். தாமதத்துக்கான மன்னிப்பும் தேவையில்லை. போன வாரம் மடல் வரவில்லை என்பதைப் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள்; கவனித்தவர்களுக்கு இந்த வாரம் நல்ல மடல் வந்தால் போதும்.

முக்கியப் பொருள் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அந்தப் புழுவை, அதாவது கத்தரித் துளைப்பானைப் பற்றி எழுதும்போதே மண்புழு உரம், சொட்டு நீர், விதைத் திருவிழா என்று சேர்த்துக்கொண்டே போனால், வாசகர் எதையும் செய்து பார்க்க மாட்டார். மிச்சமானது அடுத்த மூன்று வாரத்துக்கு ஆகும். எடுத்துக்கொண்ட ஒன்றை மட்டும் கடைசிவரை கொண்டுபோங்கள்: வாடிய தளிரைக் கிள்ளிய பிறகு என்ன செய்வது, அதைத் தொட்டியிலேயே போட்டால் ஏன் வீண், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், எந்த நிலையில் கைவிட்டுச் செடியைப் பிடுங்கலாம்.

அளவு, நிறம், நேரம் மூன்றையும் விடாதீர்கள். “போதுமான அளவு வேப்பெண்ணெய் தெளிக்கவும்” என்பது அறிவுரை மாதிரி தெரியும், பயன்படாது. “1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரோடு கலக்காது, அதனால் முதலில் எண்ணெயில் சில துளி சோப்புக் கரைசல் விட்டு, வெள்ளையாகும்வரை கலக்கிய பிறகு தண்ணீரில் ஊற்றுங்கள். மாலையில் தெளியுங்கள், வெயிலில் தெளித்தால் மருந்தின் வீரியமும் குறையும், இலையும் கருகலாம்.” கலக்கும் முறைக்கும் தெளிக்கும் நேரத்துக்கும் பக்கத்திலேயே காரணம் இருப்பதைக் கவனியுங்கள். காரணம் தெரிந்தவர் தன் வீட்டு நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். அளவு மட்டும் தெரிந்தவர், அது பலிக்காத அன்று மடலையும் நம்பாமல் விட்டுவிடுவார்.

சின்னப் பகுதியைத்தான் பலர் தேவையற்றது என்று வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். பயனுக்காக வருகிறவர் சந்தேகம் தீர்ந்ததும் போய்விடுவார். அடுத்த சனிக்கிழமையை எதிர்பார்க்க வைப்பது பெரும்பாலும் இந்த நூறு சொல்தான். எப்போதும் ஒரே இடத்தில் வர வேண்டும், எப்போதும் சின்னதாக இருக்க வேண்டும், முக்கியப் பொருளோடு ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. மாடித்தோட்ட மடல் என்றால், கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களைப் பட்டியலிடுகிறது. வாரம் ஒரு பூ என்று எடுத்தால் ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு வரும். அல்லது ஒரு பழமொழியை எடுத்துச் சோதிக்கலாம்: ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்கிறார்களே, தொட்டியில் வளர்ப்பவருக்கும் அது பொருந்துமா, அவரைக்குப் பொருந்துவது கொத்தமல்லிக்கும் பொருந்துமா? அல்லது பூத்த அன்று, பூத்த நேரத்தைக் குறிப்பிட்டு ஒரு படம். எடுத்த வகையை நான்கைந்து மாதமாவது மாற்றாமல் வைத்தால்தான் வாசகருக்குப் பழக்கமாகும்.

கடைசிக் கேள்வி

“உங்கள் மேலான கருத்துகளைத் தெரிவியுங்கள்” என்று கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள். மேலான கருத்து என்று கேட்டுவிட்டதால், நாலு வரி யோசித்து எழுத வேண்டுமோ என்று தயங்கி, பிறகு எழுதலாம் என்று மூடிவிடுவார்கள். பத்து நொடியில், யோசிக்காமல், ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். “உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கத்தரி? ரகத்தையும் ஊரையும் மட்டும் எழுதி அனுப்புங்கள்.” பதில் எவருக்கும் தெரியும், தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் இல்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் ‘இலவம்பாடி முள்ளுக்கத்தரி’ என்று எழுதினால், அந்த ரகம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது என்ற தகவலோடு அடுத்த மடலில் சேர்க்கலாம். அவர் அதைக் குடும்பத்தாரிடம் காட்டுவார்.

ஒரு மடலுக்கு ஒரு கேள்விதான். மூன்று கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது.

சப்ஜெக்ட் வரி

மடலை முடித்த பிறகே சப்ஜெக்ட் வரியை எழுதுங்கள். ஐந்து எழுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலில் வருவது எப்போதும் பொதுவான சொற்களில்தான் வரும்.

தமிழ்ச் சொற்கள் நீளம், எழுத்துகளும் அகலம். போனில் இன்பாக்ஸைத் திறந்தால் நான்கைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. “மாடித்தோட்ட மடல் – இதழ் 14 – ஜூலை 2025” என்று வைத்தால், தெரியும் இடம் முழுவதும் எண்ணுக்கும் தேதிக்கும் போய்விடுகிறது. “கத்தரித் தளிர் ஏன் வாடுகிறது?” என்பதில் நான்கே சொல், முதல் சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. ஆச்சரியக்குறிகளை வரிசையாகப் போடுவது, ‘அதிர்ச்சி’, ‘மிஸ் பண்ணாதீங்க’ என்று கூவுவது ஒருமுறை திறக்க வைக்கும். உள்ளே அதிர்ச்சி ஒன்றும் இல்லை என்று தெரிந்தவர் அடுத்த தடவை நம்ப மாட்டார்.

சப்ஜெக்டுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி தெரியுமே, அதற்குப் பெரும்பாலான சேவைகளில் தனிக் கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் மடலின் முதல் வரி எதுவோ அது வந்து உட்கார்ந்துகொள்ளும். பல மடல்களில் வாராவாரம் ‘இதை உலாவியில் பார்க்க’ என்று தெரிவது இதனால்தான். ஆறேழு சொல்லில், சப்ஜெக்டைத் திருப்பிச் சொல்லாமல் அதைத் தொடருமாறு எழுதுங்கள்: “தண்ணீர்க் குறைவு இல்லை, தண்டைக் கீறிப் பாருங்கள்.”

அனுப்புநர் பெயர் ஒருமுறை வைத்தால் மாறக் கூடாது. வெறும் நிறுவனப் பெயரைவிட ஒரு மனிதரின் பெயரும் மடலின் பெயரும் சேர்ந்து இருப்பது நல்லது. தெரிந்தவரின் பெயர் என்றால் சப்ஜெக்டைப் படிக்காமலே திறப்பவர்கள் உண்டு.

யாரிடம் பேசுகிறீர்கள், எந்தத் தமிழில்

ஆயிரம் பேருக்குப் போனாலும் மடலை ஒருவர்தான் ஒரு நேரத்தில் படிக்கிறார். ‘வாசகர்களே’, ‘நண்பர்களே’, ‘உங்களில் சிலர்’ என்பதெல்லாம் மேடைக்கு உரியவை. மடலில் வந்தால் படிப்பவர் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். ‘நீங்கள்’ என்று தொடங்கி அதிலேயே நில்லுங்கள்.

வாசகர் பெயரைத் தானாகச் சேர்க்கும் வசதி பல சேவைகளில் இருக்கிறது. தமிழ் மடலில் அதைத் தொடாமல் இருப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. நம் பெயர்களில் இனிஷியல் முன்னால் வரும். ‘முதல் பெயர்’ கட்டத்தில் பலர் அதை மட்டும் போட்டிருப்பார்கள், மடல் “வணக்கம் கே” என்று தொடங்கும். பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்தவர்களுக்குத் தமிழ் வரிக்கு நடுவில் ஆங்கிலம் முளைக்கும். வேற்றுமை உருபு சேர்க்க முடியாததால் ‘முருகன்க்கு’, ‘செல்வம்உடைய’ என்று வரும். நெருக்கம் காட்டப் போய், இயந்திரம் அனுப்பியது என்று காட்டிக்கொடுத்துவிடும். ‘வணக்கம்’ மட்டும் போதும்.

நடையைப் பொறுத்தவரை, எழுத்துத் தமிழில் எழுதுங்கள். ஆனால் வாயால் சொல்லக்கூடிய சொற்களில். ‘மேற்கொள்ளப்படுகிறது’, ‘பயன்படுத்தப்பட வேண்டும்’, ‘குறித்துக் காண்போம்’ என்பவை சுற்றறிக்கையிலிருந்து வருபவை. முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே எழுதினால் நெருக்கமாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு வரிக்கு அது சரி. எண்ணூறு சொல்லுக்கு அப்படி எழுதினால் கண் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கும். ‘பாத்தீங்களா’, ‘பாத்தியளா’ என்று ஊருக்கு ஊர் மாறுவதால் ஒரு பகுதியினருக்கு அந்நியமாகவும் போகும். பேச்சைப் பேச்சாகவே மேற்கோளில் தாருங்கள். அங்கே அதற்கு உயிர் உண்டு.

தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் வாசகர்கள் இருந்தால் எல்லோருக்கும் பொதுவான, நிறமற்ற சொல்லைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊர்ச் சொல்லில் எழுதுங்கள், மற்றதை ஒருமுறை வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: “எலுமிச்சை, யாழ்ப்பாணத்தில் தேசிக்காய்.” இந்த மாதிரி இடங்களுக்குத்தான் வாசகர்கள் உடனே பதில் எழுதுவார்கள், தங்கள் ஊரில் வேறு என்ன சொல்வார்கள் என்று.

எழுதி முடித்ததும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள், நாக்கு இடறும் சொல்லை மாற்றுங்கள்.

எழுத்து கண்ணுக்கு உறுத்தாமல் இருக்க

யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்த கட்டுரையை அப்படியே ஒட்டினால், உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்தாலும் வாசகருக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகப் போய்ச் சேரும். மாற்றி மூலம் யூனிகோடாக்கி, பிறகு ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருப்பது வழக்கம்.

அழகான தமிழ் எழுத்துருவை மடலில் சேர்க்க நேரம் செலவிட வேண்டாம். ஜிமெயில் வெளி எழுத்துருக்களை ஏற்காது. ஆண்ட்ராய்டில் நோட்டோவும் விண்டோஸில் நிர்மலாவும் போல, வாசகரின் கருவியில் ஏற்கனவே இருக்கும் தமிழ் எழுத்துருவிலேயே மடல் தெரியும். நீங்கள் முடிவு செய்யக்கூடியது அளவும் இடைவெளியும்தான். எழுத்தளவு 17 அல்லது 18 பிக்சல், வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.6 அல்லது 1.7 மடங்கு. ஆங்கிலத்துக்காக அமைத்த வார்ப்புருக்களில் (டெம்ப்ளேட்) 1.4 மடங்கு இடைவெளியைப் பார்க்கலாம். அதில் மேல் வரியின் ‘கு’, ‘ழு’ வளைவும் கீழ் வரியின் ‘கி’, ‘கீ’ கொக்கியும் நெருங்கி மோதும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள். உயிர்மெய்க் குறிகள் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். சாய்வெழுத்தும் வேண்டாம், தமிழில் அது எழுத்தைப் பிடித்து இழுத்துச் சாய்த்ததுதான். இருபக்கமும் சீராக்கும் அமைப்பு நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளங்களை விடும். இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும்.

மடல் முழுவதையும் ஒரே படமாக வடிவமைத்து அனுப்பும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. போனில் எழுத்து சிறுத்துவிடும், படம் ஏறாவிட்டால் மடலே இல்லை, தேடினாலும் கிடைக்காது, கண்பார்வை இல்லாதவருக்குத் திரைவாசிப்பான் எதையும் படித்துக் காட்டாது. படம் ஒன்று அல்லது இரண்டு, 1,200 பிக்சல் அகலத்துக்குள், 200 கேபிக்குள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி மாற்றுரை (படம் தெரியாதவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரி) எழுதுங்கள்.

அனுப்புவதற்கு முன்

சொந்த ஜிமெயிலிலிருந்து எல்லோரையும் பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத கட்டம்) போட்டு அனுப்புவது இருபது முப்பது பேர்வரை ஓடும். இலவசக் கணக்கில் நாளொன்றுக்கு 500 பேர் என்ற வரம்பு இருக்கிறது. விலகும் லிங்க்கும் இருக்காது. அவசரத்தில் ஒருநாள் பிசிசிக்குப் பதிலாக சிசியில் போட்டால் எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் போய்விடும். மெயில்சிம்ப், சப்ஸ்டாக், பட்டன்டவுன், கோஸ்ட் போல ஏதாவது ஒரு மடல் சேவையைப் பயன்படுத்துங்கள். எதுவானாலும், வாசகர் பட்டியலை எந்த நேரமும் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று முதலில் பாருங்கள். மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள்.

மெயில்சிம்ப் போன்ற சேவைகள் வழியே, ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைத்து அனுப்பாதீர்கள். போலி என்று சந்தேகித்து ஸ்பேமில் தள்ளிவிடும். சொந்த டொமைன் (உங்கள் பெயரிலான இணைய முகவரி) வாங்கி, மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் போடுங்கள். சேவையே எந்த வரியை எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டும், அரைமணி வேலை. 2024 முதல் ஜிமெயிலும் யாஹூவும் பெருமளவில் அனுப்புகிறவர்களுக்கு இவற்றையும் ஒரே தட்டில் விலகும் வசதியையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பதும் அதில் அடக்கம். ஆயிரம் பேரில் மூன்று பேர் தட்டினால் அந்த எல்லை வந்துவிடும். அதனால்தான் விலகும் லிங்க்கை ஒளித்து வைப்பது தனக்குத்தானே குழி. மேலேயே வைத்தாலும் நஷ்டமில்லை.

மடலின் எடையையும் கவனியுங்கள். எச்டிஎம்எல் (மடலின் எழுத்தும் வடிவக் குறிகளும் சேர்ந்த கோப்பு) 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மடலை நடுவிலேயே வெட்டி, மீதியைப் பார்க்கத் தனி லிங்க் கொடுக்கும். இந்த வெட்டு ஆங்கில மடலைவிடத் தமிழ் மடலுக்குச் சீக்கிரம் வரும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் என்றால் யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்; ‘கி’ என்பது இரண்டு குறி, ஆக 6 பைட். சராசரித் தமிழ்ச் சொல் 25, 30 பைட் பிடிக்கும். 800 சொல் மடலுக்கு எழுத்து மட்டும் ஏறத்தாழ 22 கேபி, கவலையில்லை. 3,000 சொல் கட்டுரையை அப்படியே போட்டால் எழுத்தே 80 கேபியை நெருங்கும். வார்ப்புருவின் குறிகளும் சேர்ந்தால் வெட்டு நிச்சயம். வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத வடிவக் குறிகள் கூடவே வந்து எடையைக் கூட்டும், அதனால் வடிவமைப்பு இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். வெட்டுப்பட்ட மடலில் அடியில் இருக்கும் கேள்வியும் விலகும் லிங்க்கும் மறைந்துவிடும் என்பதுதான் இதில் பெரிய கேடு.

நேரத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டு முடிவு செய்துவிடுங்கள். வாசகர்கள் எல்லோரும் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ என்றால் விடுமுறை நாள் காலை 7 மணி பொருத்தம். உலகெங்கும் இருந்தால், சனிக்கிழமை இந்திய நேரம் மாலை 6:30 பெரும்பாலோர் விழித்திருக்கும் நேரம்: சிங்கப்பூரில் இரவு 9, லண்டனில் பகல் 1 அல்லது 2, டொராண்டோவில் காலை 8 அல்லது 9, பருவத்தைப் பொறுத்து.

அனுப்புமுன் உங்களுக்கே ஒன்று அனுப்பி, ஓர் ஆண்ட்ராய்டு போன், ஓர் ஐபோன், ஒரு விண்டோஸ் கணினி மூன்றிலும் திறந்து பாருங்கள். இருண்ட திரையிலும் (டார்க் மோட்) ஒருமுறை. ஒவ்வொரு லிங்க்கையும் தட்டிப் பாருங்கள். முன்னோட்டத் திரையில் தப்பிக்கும் பிழைகள் நிஜ இன்பாக்ஸில் கண்ணில் படும்.

வாசகர் சேர்வதும் முதல் மடலும்

வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்தும் முகவரிகளை அள்ளிச் சேர்க்காதீர்கள். கேட்காமல் சேர்க்கப்பட்டவர் முதல் மடலிலேயே புகார் பொத்தானைத் தேடுவார். சட்டமும் இதைப் பார்க்கிறது: இந்தியாவில் 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை அடிப்படையாக வைக்கிறது, கனடாவில் ஸ்பேம் தடைச் சட்டம் 2014 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சந்தா படிவத்தைப் பூர்த்தி செய்ததும் உறுதிப்படுத்தச் சொல்லும் மின்னஞ்சல் போகும்படி வையுங்கள். தவறாகத் தட்டிய முகவரிகளும் இயந்திரப் பதிவுகளும் அங்கேயே வடிகட்டப்படும்.

உறுதி செய்த சில நிமிடங்களில் வரவேற்பு மடல் போக வேண்டும். வாசகர் உங்களை மிக அதிகமாக நினைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. 150 சொல் போதும்: எந்தக் கிழமை என்ன வரும், பழைய மடல்களில் மிகச் சிறந்த ஒன்றின் லிங்க், ஓர் எளிய கேள்வி. “உங்கள் மாடியில் இப்போது என்ன செடி இருக்கிறது?” என்று கேட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள். அவர் பதில் எழுதினால் உங்கள் முகவரி தெரிந்தவர் முகவரி ஆகிறது. அடுத்த மடல்கள் இன்பாக்ஸிலேயே விழ இது உதவும். ஜிமெயிலில் விளம்பர மடல்கள் போகும் ‘புரமோஷன்ஸ்’ பகுதிக்குப் போயிருந்தால் ‘பிரைமரி’க்கு இழுத்துவிடும்படியும் ஒரு வரி சேருங்கள்.

பதில்கள் வரத் தொடங்கிய பிறகு

பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து மடல் அனுப்பவே கூடாது. வாசகர் எழுதும் பதில் நீங்கள் தினமும் திறக்கும் இன்பாக்ஸுக்கு வர வேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் இரண்டு வரியாவது நீங்களே எழுத வேண்டும். ‘நன்றி’ மட்டும் எழுதி முடித்துவிடாமல், அவர் சொன்னதில் ஒன்றைத் தொட்டு எழுதுங்கள். வாசகர் எண்ணிக்கை கூடும்போது இது சிரமம்தான். ஆனால் மடலுக்கும் வாசகருக்கும் உள்ள உறவு உண்மையில் இங்கேதான் நடக்கிறது. நேரம் போதவில்லை என்றால் மடலின் நீளத்தைக் குறைத்து இதற்கு ஒதுக்குங்கள்.

ஒரு தாளில் நாள், ஊர், சொன்ன விஷயம், வெளியிட அனுமதி உண்டா என்று குறித்து வாருங்கள். ஒவ்வொரு மடலிலும் ஒரு வாசகரின் வரியைச் சேர்க்க இது உதவும். அனுமதி கேட்காமல் போடாதீர்கள், பெயர் எப்படி வர வேண்டும் என்பதையும் கேளுங்கள். ஊரை மட்டும் போடச் சொல்பவர்கள் நிறையப் பேர். வரியை வெட்டலாம், திருத்தி அழகாக்காதீர்கள். அவர் சொல்லும் விதத்தில்தான் அவருடைய தோட்டம் இருக்கிறது.

தவறைச் சுட்டும் பதில்கள் வரும். அளவு, மருந்து, பணம், தேதி போல நஷ்டம் உண்டாக்கக்கூடிய பிழை என்றால் அடுத்த வாரம்வரை வைத்திருக்காமல் அன்றே தனித் திருத்தமாக அனுப்புங்கள். சப்ஜெக்டிலேயே ‘திருத்தம்’ என்று சொல்லுங்கள். மற்றவை அடுத்த மடலின் தொடக்கத்தில், எது தவறு, எது சரி என்று இரண்டே வரியில்.

எந்த எண்ணைப் பார்ப்பது

திறப்பு விகிதத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, வாசகர் மடலைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. உங்கள் கணக்கில் அது திறந்ததாகவே பதிவாகும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் லிங்க்கைத் தட்டினார்கள், வேறொருவர் அனுப்பிப் பார்த்துச் சேர்ந்ததாக எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பவை திடமானவை. நம் வாசகர்கள் மடலை வாட்ஸ்அப்பில்தான் பகிர்வார்கள், அதனால் ஒவ்வொரு மடலுக்கும் இணையத்தில் ஒரு பக்கமும், மடலின் அடியில் அதன் லிங்க்கும் வேண்டும்.

ஒவ்வொரு மடலுக்குப் பிறகும் சிலர் விலகுவார்கள். அது இயல்பு, ஏன் என்று கேட்டு எழுதாதீர்கள். ஒரு குறிப்பிட்ட மடலுக்குப் பிறகு மட்டும் வழக்கத்தைவிட அதிகம் விலகினால், அந்த மடலை மறுபடி படியுங்கள். பெரும்பாலும் வாக்குக் கொடுத்த பொருளைவிட்டு வேறெங்கோ போயிருப்பீர்கள், அல்லது எதையோ விற்றிருப்பீர்கள்.

ஆறு மாதமாக லிங்க்கும் தட்டாமல், பதிலும் எழுதாமல் இருப்பவர்களுக்கு “இன்னும் வேண்டுமா?” என்று தனியே ஒரு மடல் அனுப்பி, ‘வேண்டும்’ என்று தட்ட ஒரு லிங்க் கொடுங்கள். லிங்க்கைத் தட்டாமலே அமைதியாகப் படிப்பவர்களும் உண்டு என்பதால் இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை கேட்டுவிட்டு, பிறகு பட்டியலிலிருந்து எடுங்கள்.

நீங்களே சில வாரம் நிறுத்த வேண்டி வந்தால் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். “வடகிழக்குப் பருவமழைக்கு மூன்று வாரம் மடல் வராது, நவம்பர் 22, சனிக்கிழமை மாலை மறுபடி வரும்” என்று தேதியோடு எழுதுங்கள். அந்தத் தேதிக்குப் போக வேண்டிய மடலைக் கையிருப்பிலிருந்து எடுத்து, நேரம் குறித்து ஏற்றிவிட்ட பிறகு இந்த அறிவிப்பை அனுப்புங்கள்.